ஒள்ளுப்பம் அங்கால

மார்ச் 5, திங்கள்

விடிய வாவி முழுக்கப் பனி. எட்டு மணிக்குப் பிறகுதான் அக்கரை தெரிந்தது. பிறகு நல்ல வெயில்.

செய்ய வேண்டியவை:
அம்மாவின் இடக்கண்ணுக்குச் சொட்டு மருந்து, நான்கு வேளை.
மடிக்கணினிக்குச் சார்ஜ். (பத்து மணிக்குக் கரன்ட் கட்.)
தேங்காய், பாண், மெழுகுதிரி.
மார்த்தாவுக்கு (ஜெனீவாவில் என் கணக்கைச் சரிபார்ப்பவள்) முடிவுகளை அனுப்புவது. இன்றே. சாட்டுச் சொல்லாமல்.

லீவில் வந்து பத்து நாள். அம்மாவின் கண் ஒப்பரேஷன் முடிந்தது. பச்சை மூடியோடு கட்டிலில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மூடியைக் கழற்றலாமாம். அதுவரை குனியக் கூடாது, அழக் கூடாது. அழக் கூடாது என்று டொக்டர் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். இந்த ஊரில் இருந்துகொண்டு அதை யாரால் கடைப்பிடிக்க முடியும்?

இன்று கேட்டார். "அங்க நீ என்ன வேலைதான் செய்யிறாய்? ஒரு தரமெண்டாலும் விளங்கச் சொல்லன்கா."

சொன்னேன். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். அதற்குள் ஒரு பெரிய பீப்பாய். பீப்பாய்க்குள் அடுக்கடுக்காகச் சிலிக்கன் தகடுகள், ஆயிரக்கணக்கில். வானத்திலிருந்து வரும் ஒரு துகள் உள்ளே புகுந்தால் ஒவ்வொரு தகட்டிலும் ஒரு புள்ளி விழும். புள்ளிகளைச் சேர்த்தால் நேர்கோடு. நேராக வராவிட்டால் தகடு நாங்கள் நினைத்த இடத்தில் இல்லை. மயிரிழையிலும் குறைவாக நகர்ந்திருக்கும். ஆனால் பீப்பாயை மூடியாயிற்று, கை விட முடியாது. ஆகவே விழுகிற கோடுகளைப் பார்த்து, தகடு உண்மையில் எங்கே இருக்கிறது என்று கணக்கில் திருத்த வேண்டும். அதுதான் நான் செய்வது. புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் மீந்து நிற்கிற தூரத்தை இந்தக் கொப்பியில் "மிச்சம்" என்று எழுதி வருகிறேன்.

"வானத்திலரிந்து விழுகுதெண்டா, இஞ்சயும் விழுமா?"

"ஓம். இப்ப உங்கட உள்ளங்கைக்குள்ளாலயும் போகுது. செக்கனுக்கு ஒண்டு."

அம்மா கையை விரித்து முகட்டைப் பார்த்தபடி வெகுநேரம் கிடந்தார். பிறகு, "நோகல்ல. மேலரிந்து நோகாம விழுற சாமானும் ஒண்டு இரிக்கெண்டு சந்தோசம்" என்றார்.

மத்தியானம் அண்ணன் வந்தார். கலியாணம் முடித்துப் போன வீடு அடுத்த ஒழுங்கை. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு: இந்த வீடு எனக்கு, அவருக்கு அவர் மனைவியின், மச்சாளின், வீடு. ஆனால் இறால் முதலில் இங்கேதான் வரும். சட்டி நிறைய, விரல் மொத்தத்தில். "இந்த வருசம் இறாலுக்கு என்ன வந்ததோ தெரியா தங்கச்சி. கடைசிக் கம்படியில அள்ளு அள்ளெண்டு அள்ளலாம்."

சாப்பிட்டபின் நித்திரை. அந்தத் துகள்கள் வாவிக்குள்ளே இறங்குவதாகக் கனவு. அண்ணனின் தோணிக்குள்ளால், வலைக்குள்ளால், இறால்களின் கண்ணாடி உடம்புக்குள்ளால், சேற்றுக்குள்ளால், கீழே, இன்னும் கீழே. ஒரு சத்தமும் இல்லை.

மார்த்தாவுக்கு அனுப்பவில்லை.

மார்ச் 6, செவ்வாய்

பனி, ஆனால் ஏழு மணிக்கே விலகிவிட்டது. அந்நேரம் இரண்டு வெடி. பிறகு ஒன்றுமில்லை. இரண்டு வெடிக்கு இங்கே யாரும் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைப்பதில்லை. நானும் வைக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். பத்து நாளில் பழகிவிட்டது.

சந்தியில் முஸ்லிம் காக்கா ஒருவரின் கொமினிகேஷன் கடை; போன், இன்டர்நெட் எல்லாம் அங்கேதான். லைன் கிடைக்க முக்கால் மணி. முடிவுகள் போயின. காக்கா எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, முழுக்கக் கோடாக் கிடக்கு?" என்றார்.

"எல்லாம் நேரா வந்திரிக்கி காக்கா."

"மாஷா அல்லாஹ். இந்த நாட்டில ஒண்டாவது நேரா வரட்டும்."

பெருமையாகத்தான் இருந்தது. ஆறு மாத வேலை. மிச்சம் எல்லாத் தகட்டிலும் ஏறக்குறையப் பூச்சியம். கண்ணாடி போல.

வீடு திரும்பும்போது சந்தியில் ஆட்கள். காலை வெடி யோகனுக்கு. அண்ணனோடு ஒன்றாகப் படித்தவர், ஒரே துறையில் தோணி. தோளில் பட்டுத் தோணியோடு கவிழ்ந்து, ஒற்றைக் கையால் நீந்தி வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில். உயிருக்குப் பயமில்லையாம்.

எல்லோரும் சொன்னது ஒரே வசனம். "கம்புக்குள்ளதான் நிண்டவன்."

கம்பு என்றால்: வாவியின் வடக்கே பாலம், பாலத்தடியில் ஆமியின் சென்றி, காவலரண். அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை, கம்புக்குத் தெற்கே மட்டும் மீன் பிடிக்கலாம் என்று கடிதம் தந்திருக்கிறார்கள். எங்கள் கரையிலிருந்து நடு வாவி வரை ஏழு கம்பு, தலையில் சிவப்புத் துணி. மாரி வெள்ளம் ஏழையும் கொண்டுபோய், தை மாதம் மீனவர் சங்கத்தார் புதிதாக நட்டார்கள். யோகன் நின்றது ஆறாவது கம்புக்கு உள்ளே, தெற்கே. எல்லோரும் கண்டிருக்கிறார்கள்.

"சென்றில நிண்டவனுக்கு விசர்" என்றார் அண்ணன். "புது ஆளாக்கும்."

"நாளைக்கும் போறீங்களா?"

"போகாமலிருந்து? மறுகா ஆர் சோறு போடுற?"

சொட்டு மருந்து விடப் போனபோது அம்மாவின் கண்ணில் ஏற்கெனவே ஈரம். அழக் கூடாது என்றேன். மருந்து என்றார். நான் இன்னும் விடவில்லை.

மார்ச் 7, புதன்

பனி இல்லை. காற்றும் இல்லை. வாவி எண்ணெய் போல.

அண்ணன் போய் வந்துவிட்டார், பதினொரு மணிக்கு. வந்த சத்தம் கேட்கும் வரை ஒரு வரி படிக்க முடியவில்லை.

மார்த்தாவின் பதில். ஒரு சொட்டு இனிப்பு, ஒரு சட்டி காரம். நான் விளங்கிக்கொண்ட அளவில்: "மிக அழகு. அழகு கூடிப் போய்விட்டது. தகடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், கோடுகளும் அவற்றோடு சேர்ந்து சாயும். அப்போதும் மிச்சம் பூச்சியம்தான். கோடுகளிடம் மட்டும் கேட்டால் அவை ஒருநாளும் சொல்லா. பீப்பாயைப் பூட்டியபோது வெளியிலிருந்து எடுத்த அளவுகள் இருக்கின்றன, அவற்றோடு ஒப்பிட்டாயா?"

ஒப்பிடவில்லை. எரிச்சல். அவளுக்கென்ன, கரன்ட் இருக்கிறது, கோப்பி இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே பனிமலை இருக்கிறது. மனதுக்குள் நல்லாகத் திட்டினேன், தமிழில்.

பின்னேரம் அண்ணன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பேச்சுக்குப் பேச்சாக என் வேலையைச் சொன்னேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இதென்ன பெரிய வேலை? நாங்க கம்பு நடுற மாதிரித்தானே. முதல் கம்பு தண்ணித் தாங்கிப் படிக்கு நேரா. அதில நிண்டு ஒரு கண்ணை மூடி இரட்டைப் பனையைப் பாக்கிற. ரெண்டாம் கம்பு பனையை மறைக்க வேணும். மூண்டாம் கம்பு ரெண்டாம் கம்புக்குள்ள ஒளிய வேணும். ஏழும் ஒண்டுக்குள்ள ஒண்டு ஒளிஞ்சா நேர். ஒள்ளுப்பம், நுனிவிரல் அளவு, கிறுகித் திரும்பினாலும் காட்டிக் குடுத்திரும்."

"ஏழும் சேர்ந்து கிறுகினா?"

"ஏழும் ஏன் சேர்ந்து கிறுகுது? உனக்கு வெயில் பிடிச்சித்து."

ஏன் கிறுகும்? அதைத்தானே மார்த்தாவும் கேட்கிறாள்.

ஐந்து மணிக்குக் கரன்ட் வந்தது. பீப்பாய் பூட்டிய காலத்து அளவுகளைத் திறந்தேன். அரை மணித்தியாலத்தில் பிடிபட்டது. கணக்குத் தொடங்க முன் இரண்டு தகடுகளை "இவை அசையா" என்று பிடித்து வைத்துக்கொண்டுதான் மற்றவற்றைத் திருத்த வேண்டும். முதலாவது சரி. இரண்டாவது, 26ஆம் தகடு. நான் எழுதியிருப்பது 62. பக்கத்து அடுக்கில், அதே சாயலில், அதே சுகத்தில் இருக்கிற ஒரு பிழையான தகடு. அதைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு நேராக, அழகாக, ஆறு மாதம், கண்ணாடி போலச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

வெட்கம். பிறகு சிரிப்பு. பிறகு, கரன்ட் திரும்பப் போய் மெழுகுதிரி கொளுத்தும்போது, அண்ணன் கம்பு நட்ட கதை.

இரட்டைப் பனை. எந்த இரட்டைப் பனை?

மார்ச் 8, வியாழன்

அண்ணன் போய்விட்டார், நான் எழும்ப முன்.

அம்மாவின் அல்பத்தைத் தேடி எடுத்தேன். எனக்கு வேண்டிய படம் இருந்தது. அப்பா தண்ணீர்த் தாங்கிப் படியில், வெள்ளை சேட், என் தோளில் கை. நான் பல்கலைக்கழகம் போன வருடம். பின்னால் வாவி, அக்கரையில் நெல்லு மில்லின் தகரக் கூரை, கூரைக்கு நேர் மேலே இரட்டைப் பனை. அப்பா ஒரு பக்கம் சாய்ந்து நிற்பார், எல்லாப் படத்திலும்.

படத்தோடு போய் அதே படியில் நின்றேன்.

மில் கூரை இருக்கிறது. கூரைக்கு நேர் மேலே ஒரு பனை. பக்கத்தில் தலையில்லாத மரம் ஒன்று, கறுப்பாக. போன வருடம் ஷெல் விழுந்து போன தலையாக இருக்கும். அதிலிருந்து வடக்கே, கையை நீட்டி மூன்று விரல் தள்ளி, இன்னொரு இரட்டைப் பனை. இரண்டும் தலை செழித்து, பார்த்தவுடன் கண்ணைப் பிடிக்கிற சோடி. கம்புகள் ஏழும் வரிசையாக அந்தச் சோடியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்து. ஒரு பிசகில்லை.

மூன்று விரல். கணக்குப் போட்டேன். முதல் கம்பில் ஒன்றுமில்லை. கடைசிக் கம்பில் எழுபது மீற்றருக்குக் குறையாது, வடக்கே, போகக் கூடாத பக்கம்.

இறாலுக்கு என்ன வந்தது என்று இப்போது தெரியும். நான்கைந்து வருடமாக ஒருவரும் வலை போடாத தண்ணீர் அது.

அண்ணன் கடைசிக் கம்படியில் நின்றார். தோணி ஈர்க்கில் துண்டு போலத் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்காது. கை காட்டினால் சென்றிக்குத்தான் முதலில் தெரியும். படியில் இருந்தேன். பத்தே கால் முதல் பதினொன்றரை வரை. என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் ஒரு புள்ளியைப் பார்த்ததில்லை, அதுவே என் தொழிலாக இருந்தும். வெயிலில் கண் கூசி, தோணி சில நேரம் தண்ணீருக்கு மேலே மிதப்பது போல இருந்தது. வானத்திலிருந்து எல்லாம் அவருக்குள்ளால் போய்க்கொண்டிருக்கின்றன, ஒன்றும் நோகவில்லை, ஒன்றும் நோகாமல் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கரைக்கு வந்ததும் சொன்னேன். படத்தை நீட்டினேன். பார்க்கவில்லை.

"சங்கமே சேர்ந்து நட்ட கம்பு. நீ சீமையிலரிந்து வந்து கிறுகிப் போச்செண்டு சொல்லுவாய், நாங்க கேக்கோணும். அப்பிடி இரிந்தாலும் ஒள்ளுப்பம் அங்கால இரிக்கும். ஒள்ளுப்பத்துக்கு ஆர் சுடுற?"

"யோகனைச் சுட்டதே."

"அது விசரன் சுட்டது."

சங்கச் செயலாளர் மாமாவிடம் போனேன். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, கடிதங்கள் எல்லாம் அவரிடம்தான். எடுத்துக் காட்டினார். "தண்ணீர்த் தாங்கி முதல் இரட்டைப் பனை வரை" என்றுதான் எழுதியிருக்கிறது. மில்லைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"பனை பனைதானே மனே. ரெண்டு நிண்டிச்சு, ரெண்டுக்கு நேரா நட்டம்."

படத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். "ஐயோ என்ட கடவுளே" என்றார், மெதுவாக. ஆமிக் கேம்ப்பில் கேட்டு அனுமதி எடுக்காமல் கம்பைத் தொட முடியாது, சனிக்கிழமைதான் முடியும், அதுவரை ஒருவரும் நாலாம் கம்பு தாண்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

சொல்லி அனுப்பினார். அண்ணன் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

பொழுதுபட முன் துறைக்குப் போய் அவர் தோணி தள்ளுகிற சவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். என்னிலும் நீளம். அம்மாவின் கட்டிலுக்குக் கீழே.

மார்ச் 9, வெள்ளி

ஐந்தரைக்குப் படலை அடிபட்டது.

"சவளைத் தாகா!"

"தரமாட்டன்."

"விளையாடாத. நாலாம் கம்படியில என்ன கிடக்கு, தண்ணிதான் கிடக்கு. நேரம் போகுது, தா!"

"தரமாட்டன் அண்ணன். என்னை அடிச்சுப்போட்டு எடுத்துப் போங்க."

இப்படியெல்லாம் நான் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அண்ணன் சவள் தேடி அறைக்குள் புகுந்தார். அம்மா கட்டிலில் எழும்பி இருந்தார், பச்சை மூடியோடு.

"இண்டைக்குக் கண்ணைத் திறப்பாங்க மனே" என்றார். "திறந்து பாக்கக்குள்ள ரெண்டு பேரும் நிக்கோணும். மறுகா எங்கயும் போ."

அண்ணன் நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்தினார். ஒருவரும் அழவில்லை, டொக்டர் சொன்னபடி.

வெளிச்சம் வந்தபிறகு தானாகவே, "எங்க அந்தப் படம்?" என்றார்.

தாங்கிப் படியில் நிற்க வைத்தேன். படத்தைக் கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மில்லைப் பார்த்தார். மொட்டைப் பனையைப் பார்த்தார். செழித்த சோடியைப் பார்த்தார். கம்புகளைப் பார்த்தார். பிறகு திரும்ப முதலிலிருந்து. என்னிலும் கவனமாக. உதடு மட்டும் அசைந்தது.

"தை மாதத்திலரிந்து" என்றார். "அப்ப நான் தை மாதத்திலரிந்து ஒவ்வொரு நாளும்..."

படியில் இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். படத்திலிருக்கிற அப்பாவைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகில் கை வைத்தேன். வியர்த்துக் குளிர்ந்திருந்தது.

பின்னேரம் ஆஸ்பத்திரி. மூடி கழன்றது. அம்மா முதலில் பார்த்தது அண்ணனை. "இதென்ன, இவ்வளவு கறுத்துப் போனாய்?" பிறகு என்னை. "நீ மெலிஞ்சித்தாய்." பிறகு ஜன்னலை, நர்ஸின் வெள்ளைத் தொப்பியை, சுவரிலிருந்த பல்லியை. பல்லிக்குத்தான் கூடின நேரம்.

மார்ச் 10, சனி

பனி விலகக் காத்திருந்து ஒன்பது மணிக்குத் தொடங்கினார்கள். வெயில் மெதுவானது. அனுமதி பத்து மணி வரை.

அண்ணனும் இன்னொருவரும் தோணியில். நான் தாங்கிப் படியில், கையில் அம்மாவின் பழைய வெள்ளைச் சேலைத் துண்டு. செயலாளர் மாமா பக்கத்தில் கடிதத்தோடு, தேவைப்பட்டால் உயர்த்திக் காட்ட. அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் நிற்பவருக்கு அதை எப்படி வாசிக்கத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இடப்பக்கம் அசைத்தால் தெற்கே. வலப்பக்கம் அசைத்தால் வடக்கே. தலைக்கு மேலே தூக்கினால் நடலாம்.

இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தெற்கே கொண்டுவந்து, நட்டு. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கூடத் தூரம் வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு தரமும் துணி தெற்கே, தெற்கே, இன்னும் ஒள்ளுப்பம். பீப்பாய்க்குள் இதை நான் விசைப்பலகையில் செய்கிறேன். இங்கே ஒரு தகட்டை நகர்த்த ஒரு மனிதன் மூச்சைப் பிடித்துச் சேற்றுக்குள் குனிய வேண்டியிருக்கிறது. மற்றப்படி ஒரே வேலை. தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் எந்தக் கரையில் நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

ஏழாவது. பழைய ஏழாவதைப் பிடுங்கப் போகத்தான் வேண்டும். தோணி அங்கே போனபோது சென்றியில் ஒருவர் மண்மூட்டைக்கு மேலே ஏறி நின்றார். மாமா கடிதத்தைத் தூக்கினார். பிடுங்கினார்கள். தெற்கே வந்தார்கள். நான் துணியைத் தலைக்கு மேலே தூக்கினேன். நடலாம்.

அப்போது மண்மூட்டையில் நின்றவர் கையை நீட்டினார். துவக்கு இல்லாத கை. தெற்குப் பக்கமாக அசைத்தார். நிறுத்தி, திரும்ப அசைத்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பனையைப் பார்த்தேன். ஓ. நான் பிடித்தது தலையுள்ள பனையை மட்டும். பிடிக்க வேண்டியது இரண்டுக்கும் நடுவை, தலையுள்ளதுக்கும் மொட்டைக்கும் நடுவை. துணியைத் தெற்கே அசைத்தேன். அண்ணன் ஒரு தள்ளுத் தள்ளினார், தோணி நீளம்கூட இல்லை. நான் துணியைத் தூக்கினேன். அதே நேரம் மண்மூட்டையில் நின்றவரும் கையைத் தூக்கினார்.

"அவனும் உந்தக் கோட்டைத்தானே மனே நாள் முழுக்கப் பாத்துக்கொண்டிரிக்கான்" என்றார் மாமா. பிறகு படியில் இருந்து, கடிதத்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவருடைய கண்ணுக்கு ஒப்பரேஷன் இல்லை.

மார்ச் 12, திங்கள்

பனி. வியாழன் பயணம். பெட்டி இன்னும் அடுக்கவில்லை.

கொமினிகேஷன். 26ஐ வைத்து ஓடிய கணக்கு மார்த்தாவுக்குப் போயிற்று. மிச்சம் முந்தியதைப் போல அழகில்லை, அங்கங்கே ஒள்ளுப்பம் ஒள்ளுப்பம். மார்த்தா: "இப்போது நம்புகிறேன்." காக்கா: "கோடு வளைஞ்சித்தே புள்ள?" இல்லை காக்கா, இப்போதுதான் நேர்.

யோகனுக்குத் தையல் வெட்ட இன்னும் ஒரு கிழமை. விரல்கள் அசைகின்றனவாம்.

வாங்க: பழப்புளி, மாசிக் கருவாடு, அம்மாவுக்கு மருந்து இரண்டு போத்தல்.

பதினொன்றரைக்கு அண்ணன் வந்தார். புதிய ஏழாம் கம்படியில் விடியலிலிருந்து வலை போட்டு, இறால் பதினொன்றுதான், சட்டியின் அடிகூட மறையவில்லை. அம்மா புதுக்கண்ணால் எண்ணினார், இரண்டு தரம். மீசையைக்கூட எண்ணியிருப்பார்.

அண்ணன் என்னோடு கதைக்கவில்லை. நேரே எனக்கு முன்னால் இருந்து, இடியப்பத்துக்கு மூன்று தரம் சொதி கேட்டு வாங்கி, விரலைச் சூப்பி, தண்ணீர் குடித்து, கதைக்காமல் இருந்தார்.